திரும்பிப் பார்க்கக்கூடாத படையல்

கனடாவில் இருக்கும் என் பேத்திக்கு மாசி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிப்பிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் புறப்பட்டு வந்த நாட்டில் அந்த மக்கள் வாழ்ந்தார்களா, என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டுமாம். அவள் தொலைபேசியில் என்னைக் கேட்டாள்.

"அம்மப்பா, உங்கட நாட்டில ஆபிரிக்க ஆக்கள் இருந்தவையோ?"

இல்லை என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"நான் சரித்திர வாத்தியாராய் இருந்தனான், பிள்ளை. எனக்குத் தெரியாதோ?"

அவள் நம்பினாள். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தொலைபேசியை மேசையில் வைத்தபோது வீடு வழக்கம்போல் இருந்தது. மனைவி போன பிறகு இந்த வீட்டில் நானாகச் செய்யாத சத்தம் எதுவும் கேட்பதில்லை. தேநீர் வைக்கலாம் என்று எழும்பினேன். குசினி வாசலில் நின்றபடியே நின்றுவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குளத்துக் கோரைக்குள் இருந்து எழும்பி வந்த ஒரு பையனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவன் பெயர் மனுவேல்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். தீவுப் பகுதியிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்குப் பிந்தி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு வயல் கிடைத்தது. எனக்குக் கூட்டாளி கிடைக்கவில்லை. முன்னமே வந்தவர்களின் பிள்ளைகள் ஊர் ஊராகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தென்மராட்சிப் பெடியன்கள் ஒரு கூட்டம், வடமராட்சிப் பெடியன்கள் ஒரு கூட்டம். புதிதாகக் காணும் எவரையும் "எந்த ஊர்?" என்று கேட்பதுதான் அங்கே வணக்கம். எல்லோரும் ஒரே காட்டை வெட்டி, ஒரே வாய்க்கால் தண்ணீரில் விதைத்துக்கொண்டிருந்தாலும், தாம் நின்ற இடத்தைத் தம் ஊர் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் தீவிலிருந்து அந்த வகுப்பில் நான் மட்டும்தான். வாத்தியார் என்னைக் கடைசி வாங்கில் இருத்தினார். அங்கே மனுவேல் தனியாக இருந்தான். நகர்ந்து இடம் தந்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் தந்தவன் அவன் ஒருவன்தான்.

அவனுடைய அப்பா நீர்ப்பாசன இலாகாவில் லொறி ஓட்டினார். திருகோணமலைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். மனுவேலின் தலைமயிர் சுருண்டு தலையோடு ஒட்டியிருக்கும். மற்றபடி கறுப்பில் எனக்கும் அவனுக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா என்னைப் பார்த்து, "காப்பிலி மாதிரி வந்து நிக்கிறாய்" என்று ஏசுவார். அது மனுவேலின் ஆட்களைக் குறிக்க எங்கள் பக்கத்தில் இருந்த சொல். அந்தச் சொல்லுக்குள் மனிதர் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மனுவேல் பக்கத்தில் நின்ற ஒரு நாளும் அம்மா அப்படியே ஏசினார். ஏசிவிட்டு, அவித்த பனங்கிழங்கில் பெரியதாகப் பார்த்து முதலில் அவன் கையில் கொடுத்தார். அவன் கிழங்கைத் தோல் உரித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா கடைசிவரை தன்னை இரக்கமுள்ளவர் என்றே நினைத்திருந்தார். அது பொய்யும் அல்ல.

அவர்கள் வீட்டில் பெரியவர்கள் தமக்குள் ஏதோ ஒரு பாஷை கதைப்பார்கள். பழைய போர்த்துக்கேயம் என்று பின்னாளில் அறிந்தேன். நாங்கள் அதைச் சொல்லிக் காட்டி நக்கலடித்தோம். கதிரையில் இருந்து, குசினியில் சாப்பிட்டு, அலுமாரியில் புத்தகம் வைத்த பிள்ளைகள்தான் நக்கலடித்தோம். கதிரையும் குசினியும் அலுமாரியும் அதே பாஷைச் சொற்கள்தான் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டால் நானும் அவனும் குளத்து அணைக்கட்டில் போய் இருப்போம். அவனிடம் ஒரு பாட்டு இருந்தது. கல் தூக்கும்போது அவர்களுடைய ஆட்கள் பாடுவதாம். சொல்லுக்குப் பொருள் அவனுக்குத் தெரியாது. மீன் போடும் தகரப் பேணியில் தட்டிக்கொண்டு பாடுவான். மெல்லத் தொடங்கி, வேகமாகி, கல்லை வைக்கும் இடத்தில் சடாரென்று நிற்கும். நிற்கும் இடத்தில் நானும் தட்டவேண்டும். நான் எப்போதும் பிந்தித் தட்டுவேன். "உன்ர காலிலை கல்லு விழுந்திட்டுது" என்று சிரிப்பான்.

ஒரு நாள் சரித்திர பாடத்தில் வாத்தியார், யாழ்ப்பாணக் கோட்டையை ஆர் கட்டினது என்று கேட்டார். முன்வாங்கில் இருந்த தவம் எழும்பி, "போர்த்துக்கேயர், ஐயா" என்றான். தவம் வடமராட்சிக் கூட்டத்தின் தலைவன், எங்களைவிட மூத்தவன். மனுவேல் கையை உயர்த்தினான். அந்த வருடத்தில் அவன் கை உயர்த்தியது அன்றுதான்.

"ஐயா, அவையள் கல்லுச் சுமக்கேல்லை. எங்கட ஆக்களைக் கொண்டுதான் சுமப்பிச்சவை."

"உங்கட ஆக்களோ? ஆரடா உங்கட ஆக்கள்?"

"கப்பலிலை கொண்டுவந்த ஆக்கள், ஐயா. பிறகு இங்கிலீசுக்காரனும் வைச்சு வேலை வாங்கினவன். றோட்டுப் போட, குளம் திருத்த. எங்கட குளத்துத் துருசுக்கு என்ர பூட்டன் கல்லுச் சுமந்தவர்."

துருசு என்றால் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. வாத்தியார் அவனை ஏசவில்லை. உண்மையில் அறியும் ஆவலோடுதான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

"எங்கையிருந்து கொண்டு வந்தவங்கள்? எந்த ஊர்?"

மனுவேல் கையை இறக்கினான். "தெரியாது, ஐயா. அப்பாவுக்கும் தெரியாது."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பாடம் தெரியாதவனைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். தன் ஊர் தெரியாதவன் ஒருவன் இருப்பான் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை. வாத்தியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதிலை அப்பிடி ஒண்டும் இல்லை. இரு மோனை" என்றார். பிறகு தவம் பின்னால் திரும்பி, "துருசைப் பூதமெல்லோ கட்டினது. அப்ப உன்ர பூட்டன் பூதமோடா?" என்றான். நானும் சிரித்தேன். எல்லோரோடும் சேர்ந்து சிரிக்க எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

பூதம் என்று தவம் சொன்னது அவனாக உண்டாக்கியது அல்ல. எங்கள் குளத்தைப் பூதங்கள் ஒரே இரவில் கட்டின என்றுதான் பெரியவர்களும் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கல்லை மனிதர் தூக்கியிருக்க முடியாதாம். வயலுக்குத் தண்ணீர் திறக்குமுன் ஒவ்வொரு வருடமும் துருசடியில் பூதவராயருக்குப் பொங்கல் நடக்கும். பொங்கிய சோற்றை ஒரு வாழையிலையில் குவித்துத் துருசுக் கல்லில் வைத்துவிட்டு, எல்லோரும் திரும்பி அணைக்கட்டின் மேல் நடந்து வீட்டுக்குப் போகவேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. குளம் கட்டியவர் வந்து தம் பங்கைச் சாப்பிடும்போது பார்ப்பது அபசாரம். தண்ணீர் பங்கிடும் வட்ட விதானையார்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துவார். நாங்கள் பிள்ளைகள் கழுத்து நோக முன்னால் பார்த்துக்கொண்டு நடப்போம்.

எங்களோடு சித்தப்பா இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. கலியாணமாகவில்லை. வயலில் நிற்பதைவிடச் சந்தியில் நின்று பகிடி விடுவதில் கெட்டிக்காரர். குடியேற்றம் முழுக்க அவருக்குப் பின்னால் பெடியன்கள் திரிவார்கள். தவத்தின் கூட்டமும் அதில் அடக்கம். என்னை மட்டும் அவர் அதிகம் கவனிப்பதில்லை, வீட்டுப் பிள்ளைதானே. அந்த வருடப் பொங்கலுக்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் தவமும் நின்றான்.

"எடேய், உன்ர கூட்டாளியை நாளைக்கு ஒருக்கா இரவல் தாறியோ?"

"ஏன் சித்தப்பா?"

"பூதத்துக்கு ஒரு ஆள் வேணும்."

திட்டம் சிறியதுதான். எல்லோரும் திரும்பி நடக்கும்போது மனுவேல் கோரைக்குள் இருந்து வந்து சோற்றை எடுக்கவேண்டும். சித்தப்பா இருமுவார். தவத்தின் கூட்டம் திரும்பிப் பார்த்து, பூதம் என்று கத்தும். பொம்பிளைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வருடம் முழுக்கச் சிரிக்கலாம். "அவன் உன்ர சொல்லுக்குத்தான் வருவான்" என்றான் தவம். அவன் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. என் தோளில் கையையும் போட்டான்.

பகிடி என்று சொன்னால் மனுவேல் வரமாட்டான். எந்தச் சொல்லுக்கு வருவான் என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அணைக்கட்டில் போய் இருந்து நான் அவனிடம் சொன்னேன்: "நாளைக்குப் படைக்கிற சோறு உன்ர பூட்டனுக்குத்தான். துருசு கட்டின ஆக்களுக்குத்தானே படைக்கினம். சொந்தக்காரர் ஆராவது வந்து எடுக்கவேணுமாம். எங்கட ஆக்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாது, நீ இருக்கிறாய் எண்டு."

மனுவேல் என்னையே பார்த்தான்.

"அப்ப ஏன் திரும்பிப் பாக்கக்கூடாது?"

"சொந்தக்காரர் எடுக்கேக்கை மற்ற ஆக்கள் பாக்கக்கூடாது. அது மரியாதை."

அவன் பேணியைக் கீழே வைத்தான். பிறகு, "என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு வாறது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்கலாம். "எதையாவது போடு" என்றேன்.

அடுத்த நாள் இருளத் தொடங்கிய மைம்மல் பொழுதில் படையல் முடிந்தது. வட்ட விதானையார் கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, "திரும்புங்கோ" என்றார். எல்லோரும் திரும்பி நடந்தோம். முன்னால் பானைகளோடு பெண்கள். அம்மா அக்காவின் கையைப் பிடித்தபடி போனார். பின்னால் எங்கள் கூட்டம். முதன்முதலாக நானும் கூட்டத்தில் ஒருவன். சித்தப்பா இருமினார். தவம் திரும்பினான். "ஐயோ பூதம்" என்று வீறிட்டான். மற்றவர்களும் கத்தினார்கள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருடையதோ பானை உடைந்தது. ஒரு பிள்ளை விழுந்து அழுதது.

நானும் திரும்பினேன். துருசுக் கல்லடியில் மனுவேல் நின்றான். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் பூட்டிப் போட்டிருந்தான். தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். அவனுடைய மயிர் வாரினாலும் படியாது. ஆனாலும் நடுவில் வகிடு எடுக்க முயன்றிருந்தான். வாழையிலையை இரண்டு கையாலும் ஏந்தி, நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். ஓடவில்லை. எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தான். எல்லோரும் திரும்பிவிட்டார்களே என்ற கூச்சச் சிரிப்பு. கத்துவது தன்னைப் பார்த்து என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு பெரியவர்கள் இறங்கிப் போனார்கள். பகிடி அதோடு முடிந்துவிட்டது. படையலில் கை வைத்துவிட்டான், இனி மழை பொய்க்கும், குளம் உடையும் என்று பலரும் சத்தமிட்டார்கள். வட்ட விதானையார் மட்டும் சத்தமில்லாமல் கேட்டார்.

"தம்பி, ஆர் உன்னை வரச் சொன்னது?"

மனுவேல் என்னைப் பார்த்தான். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் வாய் திறந்தால் அப்பா அந்த இடத்திலேயே என் முதுகுத் தோலை உரித்துவிடுவார். அதைவிட, தவத்தின் கூட்டம் மறுபடி என்னைக் கடைசி வாங்குக்கு அனுப்பிவிடும். சித்தப்பா புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றான் மனுவேல். "பசிச்சது. எடுத்தனான்."

யாரோ போய்ச் சொல்லி அவனுடைய அப்பா சைக்கிளில் வந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றார். "பெடியன் தெரியாமல் செய்திட்டான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். வீட்டில் சோறு இருந்தது என்று அவர் சொல்லவில்லை. மகனைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். மனுவேலின் சட்டையில் பொங்கல் ஈரமாக அப்பியிருந்தது. அடுத்த நாள் வேறு அரிசி எடுத்து மறுபடி பொங்கிப் படைத்தார்கள். அந்த முறை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாரி முடியுமுன் அவனுடைய அப்பாவுக்கு மாற்றம் வந்து குடும்பம் போய்விட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் தவத்தின் கூட்டத்தோடு திரிந்தேன். குளத்து அணைக்கட்டில் இருந்து தட்டினால் நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்த ஆள் இல்லை. அந்தக் கூட்டத்தில் என்னோடு அப்படி உட்கார்ந்து இருக்கக்கூடியவன் ஒருவனும் இல்லை என்பது மெல்ல விளங்கியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு நான் படித்தேன். ஆசிரியர் கலாசாலை நூலகத்தில் ஒரு மழை நாளில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டியபோது, ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு இலங்கையில் கோட்டைக்கும் தெருவுக்கும் கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. ஒரு பந்திதான். வகுப்பில் எழும்பி நின்று மனுவேல் சொன்னதைவிட அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். அதன் பிறகு ஓய்வுபெறும்வரை சரித்திரம் படிப்பித்தேன். யாழ்ப்பாணக் கோட்டையை ஆர் கட்டினது என்று ஒவ்வொரு வருடமும் கேட்டேன். போர்த்துக்கேயர் என்று சொன்ன பிள்ளைக்குச் சரி போட்டேன். பரீட்சைக்கு வராததை ஏன் சொல்லவேண்டும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது காரணம் அல்ல. அந்தப் பந்தியைச் சொல்ல வாயெடுத்தால் வெள்ளைச் சட்டையையும் சொல்லவேண்டி வரும் என்ற பயம்தான். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த மனிதர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் போனதற்குப் புத்தகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மனுவேலின் பூட்டன் எங்கள் துருசுக்குக் கல் சுமந்தாரா என்று என்னால் இன்று நிரூபிக்க முடியாது. பூதம் சுமக்கவில்லை என்பது மட்டும் தெரியும். யுத்தத்தில் நாங்களும் இடம் இடமாக ஓடினோம். முகாமில் எங்களைப் பதிந்த பெடியன் எந்த ஊர் என்று கேட்டபோது, எதைச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்தபோது குளம் இருந்தது. கொங்கிரீட்டில் புதுத் துருசு கட்டியிருக்கிறார்கள். பழைய கற்களைக் கட்டுக்குக் கீழே உருட்டிவிட்டிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் அதில் இருந்து வெற்றிலை போடுகிறார்கள். போன வருடம் நானும் போய் ஒரு கல்லில் கொஞ்ச நேரம் இருந்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். தாளம் வந்தது. பாட்டு வரவில்லை.

பேத்திக்கு இன்னும் அழைப்பெடுக்கவில்லை. நான் சொன்னதை அவள் இந்நேரம் வகுப்பில் சொல்லியிருப்பாள். அழைக்கத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்றை எழுதிவிட வேண்டும்.

பொங்கலுக்கு அடுத்த நாள் மனுவேல் பள்ளிக்கூடம் வந்தான். வாங்கின் மறு அந்தத்தில், சுவரோடு ஒட்டி இருந்தான். இருவருக்கும் இடையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கலாம். வாத்தியார் வருமுன், என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"உண்மையா அது என்ர பூட்டனுக்குத்தான் படைச்சதோ?"

தன்னைக் காட்டிக்கொடுத்ததைப் பற்றி அவன் கேட்கவில்லை. வீட்டில் அடி வாங்கியிருப்பான், அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுக்கும் பிறகு அவனுக்கு அது ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முன்வாங்கிலிருந்து தவம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்றேன்.

"அதுதானே" என்றான் மனுவேல். "அந்தாளுக்கு ஆர் படைக்கப்போகினம்." பிறகு சரித்திரப் புத்தகத்தை எடுத்து, கோட்டைப் படம் இருந்த பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டான்.

எனக்கு நெஞ்சு லேசானது. பொய் சொல்லி அவனை வரவழைத்த பாவம், உண்மையைச் சொன்னதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அணைக்கட்டில் சொன்னது, வாங்கில் சொன்னது, இந்த இரண்டில் எது பொய் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.